விசாரிக்க வந்தவர்

5 அக்டோபர் 2025, ஞாயிறு

அம்பத்தூர் நூலக மாடியில் இன்று பேசினேன். நாற்காலிகள் நிறையப் போட்டிருந்தார்கள். வந்தவர்கள் ஆறு பேர். அதில் ஒருவர் ஃபேனுக்குக் கீழே பேப்பர் படிக்க வந்தவர், கடைசி வரை நிமிரவே இல்லை. பலகையில் "கவனக்குறைவு நோய்" என்று எழுதி வைத்திருந்தார்கள். எனக்குக் கவனம் குறைவில்லை, அது எங்கே போய் உட்காரும் என்பதுதான் என் கையில் இல்லை என்று ஆரம்பித்தேன். சோம்பேறி, பொறுப்பில்லாதவன், திமிர் பிடித்தவன் என்று முப்பத்தொரு வயது வரை பெயர் வாங்கியதையும், பிறகு ஒரு டாக்டர் இதற்கு ஏ.டி.எச்.டி. என்று ஒரு பெயர் இருக்கிறது என்று சொன்ன அன்று பஸ் ஸ்டாப்பில் உட்கார்ந்து அழுததையும் சொன்னேன். முன் வரிசையில் ஓர் அம்மா, "மறதி எல்லாருக்கும்தானே தம்பி இருக்குது" என்றார். இரண்டு வருடமாக எங்கே பேசினாலும் இந்த வாக்கியம் எனக்கு முன்னாலேயே போய் இடம் பிடித்துவிடுகிறது.

கீழே வந்தால் சாவி வண்டியிலேயே தொங்குகிறது. என் வண்டியைத் திருட யாருக்கும் மனம் வரவில்லை.

வீட்டில் அம்மா பிடித்துக்கொண்டாள். "ஜனவரியோட அப்பாவுக்கு ரிடையர்மென்ட். ஃபேக்டரி குவார்ட்டர்ஸைக் காலி பண்றதுக்குள்ள ரேகா கல்யாணத்தை முடிக்கணும். அதுவரைக்கும் இந்த மேடை, வீடியோ எல்லாத்தையும் நிறுத்தி வைடா."

என் தங்கை தோசைக்கல்லிலிருந்து திரும்பாமலே சொன்னாள்: "அவன் பேசட்டும்மா. அதைக் கேட்டு ஓடுறவன் எனக்கு வேணாம்."

ரேகா மட்டும் இல்லையென்றால் இந்த வீட்டில் நான் என்றைக்கோ வாயை மூடியிருப்பேன்.

9 அக்டோபர்

எழுத உட்கார்ந்தேன். பேனா தேடப் போய் அலமாரி முழுவதையும் அடுக்கி முடித்தேன். என்ன எழுத வந்தேன் என்று தெரியவில்லை.

12 அக்டோபர்

பூந்தமல்லியிலிருந்து ஒரு வரன். பையன் பெயர் வெங்கட். தரகர் வேம்புலி கொண்டுவந்தது. ஜாதகம் பொருந்திவிட்டது, போட்டோ அவர்களுக்குப் பிடித்துவிட்டது. புரட்டாசி முடிந்து, தீபாவளியும் போனதும் பெண் பார்க்க வருவார்களாம்.

ரேகா அவனோடு மூன்று தடவை போனில் பேசிவிட்டாள். பால்கனியில் நின்று பேசுகிறாள், சிரிப்பு மட்டும் உள்ளே வருகிறது. எத்தனையோ பேர் வந்து பஜ்ஜி தின்றுவிட்டுப் போயிருக்கிறார்கள். யாரைப் பற்றியும் அவள் இப்படி முகம் வைத்துக்கொண்டதில்லை. இது அமைய வேண்டும். சாமி கும்பிடாதவன் இன்று கும்பிட்டேன்.

18 அக்டோபர், சனி

இன்று நல்ல நாள். இப்படி ஒரு வரி எழுதி எவ்வளவு காலமாயிற்று.

அக்டோபர் முழுக்க ஏ.டி.எச்.டி. விழிப்புணர்வு மாதம் அல்லவா, குவார்ட்டர்ஸ் கேட் எதிரே இருக்கும் டீக்கடைச் சுவரில் என் போஸ்டரை ஒட்டியிருந்தேன். போட்டோ, போன் நம்பர் எல்லாம் போட்டு. ஒட்டி இரண்டு வாரம், ஒருத்தரும் நின்று படித்ததில்லை. இன்று டீ குடிக்கப் போனால் வெள்ளைச் சட்டை போட்ட பெரியவர் ஒருவர் கண்ணாடியைத் தூக்கி விட்டுக்கொண்டு வரி வரியாகப் படிக்கிறார்.

"இன்னா தம்பி, இது நீதானா? படத்துல கொஞ்சம் வெளுப்பா கீறே."

நான்தான் என்றேன். நூம்பல்காரராம். திருவேங்கடம் என்று பெயர் சொன்னார். டீ அவரே வாங்கிக் கொடுத்தார். முக்கால் மணி நேரம் பேசினோம். இல்லை, நான் பேசினேன், அவர் கேட்டார். என்ன கேள்விகள். சின்ன வயதிலேயே தெரியுமா? படிப்பில் எப்படி? பொம்பளைப் பிள்ளைகளுக்கும் வருமா? மாத்திரை போட்டால் தூக்கமாக இருக்குமா? ஒரு இடத்தில்கூட "எல்லாருக்கும்தானே மறதி" என்று சொல்லவில்லை. இரண்டு வருடத்தில் முதல் ஆள்.

"பரம்பரையா வருமா தம்பி?" என்று கேட்டார். பெரும்பாலும் அப்படித்தான் சார் என்றேன். எங்க அப்பாவுக்கும் இருக்கும், அவருக்கே தெரியாது என்றேன். "கூடப் பொறந்தவங்களுக்கு?" தங்கச்சிக்கும் கொஞ்சம் இருக்கும்னு எனக்கு ஒரு சந்தேகம் சார், பொம்பளைங்ககிட்ட வெளியே தெரியாது என்றேன். தலையாட்டிக்கொண்டே கேட்டார். போகும்போது என் கையைப் பிடித்து, "நல்லது பண்றே, நல்லாயிரு" என்றார்.

ஒருத்தருக்குப் புரிந்தால் போதும். போஸ்டர் செலவு வசூலாகிவிட்டது.

20 அக்டோபர்

தீபாவளி. வெங்கட்டுக்கு ரேகா அனுப்பிய வாழ்த்துக்குப் பதில் இல்லை. பட்டாசுச் சத்தத்தில் பார்த்திருக்க மாட்டான் என்கிறாள்.

22 அக்டோபர்

வேம்புலி வந்தார். செருப்பைக் கழற்றவில்லை. வாசலிலேயே நின்று சொன்னார்.

"பையனோட தாய்மாமன் விசாரிக்க வந்துகீறாரு. அக்கம்பக்கத்துல யாரையும் கேக்கலையாம், கேக்க வேண்டியே இல்லைன்ட்டாரு. பொண்ணோட அண்ணனே டீக்கடைல குந்திகினு குடும்பத்துக்கே கீதுன்னு சொன்னா, அவங்க இன்னா பண்ணுவாங்க?"

அந்த வெள்ளைச் சட்டை. அந்தக் கேள்விகள் எல்லாம்.

அம்மா என்னைப் பார்த்துச் சொன்னாள்: "அன்னிக்குக் காலைலயே சொன்னேனேடா. மாப்பிள்ளை வீட்லேர்ந்து யாராவது விசாரிக்க வருவாங்க, கேட் பக்கம் போகாதேன்னு. பல்லு விளக்கிக்கிட்டே சரி சரின்னியே."

சொன்னாளாம். சத்தியமா எனக்கு ஞாபகம் இல்லை. சரின்னு சொன்னதுகூட ஞாபகம் இல்லை. அம்மா பொய் சொல்றவ இல்லை. அப்ப சொல்லியிருக்கா. நான் கேட்டிருக்கேன். எங்கே போச்சு அது? ஊருக்கெல்லாம் விளக்குறேனே, இது இப்படித்தான், காதில் விழும் ஆனா தங்காதுன்னு. வீட்ல போய் அதையே சொன்னா எப்படி இருக்கும்? சொல்லிப் பார்த்தேன். "அதையும் டீக்கடையில போய்ச் சொல்லு" என்றாள் அம்மா.

அப்பா திட்டவில்லை. ஷிப்டுக்கு நேரமாச்சு என்று சைக்கிளை எடுத்துக்கொண்டு போனார். நேரம் ஆகவில்லை.

23 அக்டோபர்

ரேகா பேசவில்லை.

26 அக்டோபர்

பேசினாள். பேசாமலே இருந்திருக்கலாம்.

துணி மடித்துக்கொண்டிருந்தாள். மன்னிச்சிடு என்றேன். வரன் தட்டிப்போனதற்கு என்று நினைத்துக்கொண்டு சொன்னேன்.

"அவன் போனது போகட்டும். எனக்கும் இருக்குன்னு நினைக்கிறியா நீ?"

இருக்கலாம் என்று தோன்றியது என்றேன்.

"எத்தனை நாளா?"

ஒரு வருஷமா.

"என்கிட்ட ஒரு வார்த்தை சொன்னியா? பக்கத்து ரூம்லதானே இருக்கேன். முன்னபின்ன தெரியாத ஆள்கிட்ட, ஒரு டீக்கு, என்னைப் பத்திச் சொல்லியிருக்கே. உன்னைப் பத்தி நீ என்ன வேணா சொல்லிக்கோ. என்னைச் சொல்ல நீ யாரு?"

நான் வெளியே சொன்னது என் கதையை மட்டும் இல்லை, அவளுடையதையும். அவள் சம்மதிக்கவே இல்லையே. ஒருத்தி என் பக்கம் நின்றாள், அவளையே போய்க் காட்டிக் கொடுத்தேன்.

29 அக்டோபர்

டீக்கடைச் சுவரில் போஸ்டர் இல்லை. கடைக்காரர் சொன்னார், ஷிப்ட் முடிந்து வந்த அப்பா சைக்கிளை ஸ்டாண்ட் போட்டுவிட்டு நகத்தாலேயே சுரண்டி எடுத்தாராம். யூனிஃபார்மோடு. சுவரில் என் போட்டோவின் ஒரு காது மட்டும் ஒட்டிக்கொண்டிருந்தது. அதை நான் எடுத்தேன்.

வீடியோக்கள் எல்லாவற்றையும் எடுத்துவிட்டேன். யாரும் எடுக்கச் சொல்லவில்லை. எடுத்துவிட்டேன் என்றதும் வேண்டாம் என்றும் யாரும் சொல்லவில்லை.

9 நவம்பர்

புதிதாக ஒரு வரன், திருநின்றவூர். தரகரும் புதியவர். அவரிடம் அம்மா போனில் பேசுவது காதில் விழுந்தது. "எங்க பையன் புனேல இருக்கான். லீவே கிடைக்கிறதில்லை."

பிறகு என்னிடம் வந்து சும்மா நின்றாள். நானே சொன்னேன், வேறே எங்காவது ரூம் பார்த்துக்கொள்கிறேன் என்று. அவள் அழுதாள். இருந்துக்கோடா என்பாள் என்று கொஞ்ச நேரம் பார்த்தேன். மூக்கைத் துடைத்துக்கொண்டு, "சாப்பாட்டுக்கு என்ன பண்ணுவே?" என்றாள்.

17 நவம்பர்

பூந்தமல்லி ரோட்டை ஒட்டி ஒரு ரூம். பாடியில் இருக்கும் என் கம்பெனிக்கு இரண்டு பஸ் மாற வேண்டும். வண்டியை ரேகா ஆபீஸ் போக விட்டுவிட்டு வந்தேன். டிசைன் செக்ஷனில் மேனேஜர் கேட்டார், "என்னப்பா இப்பல்லாம் பேச்சே காணோம், சரியாயிடுச்சா?" ஆமாம் சார், சரியாகிவிட்டது என்றேன். சந்தோஷப்பட்டார்.

25 நவம்பர்

மாத்திரை தீர்ந்துவிட்டது. வாங்கப் போகவில்லை. மழை.

3 டிசம்பர்

ரேகாவுக்கு நிச்சயம். திருநின்றவூர்ப் பையனே. தேதியை அம்மா போனில் சொன்னாள். வா என்றும் சொல்லவில்லை, வராதே என்றும் சொல்லவில்லை. "புனேலேர்ந்து வர்றதுன்னா அலைச்சல்தான்" என்றாள். நிஜமாகவே நான் புனேயில் இருப்பது போல.

ஒரு வாழ்த்தை ரேகாவுக்கு அடித்தேன், அழித்தேன், மறுபடி அடித்தேன். அனுப்பினேனா என்று இப்போது பார்த்தால், அனுப்பவில்லை.

7 டிசம்பர், ஞாயிறு

மதியம் ஒரு போன். புது நம்பர்.

"தம்பி, நான் திருவேங்கடம். நூம்பல். போஸ்டர்லேர்ந்து நம்பரை அன்னிக்கே எழுதிகினு வந்துட்டேன். வெச்சிடாதே."

வைத்திருக்க வேண்டும். வைக்கவில்லை.

"என் பொண்ணு கலைவாணி. இருபத்திரெண்டு வயசு. நீ சொன்னியே, அத்தினியும் அவதான் தம்பி. அன்னிக்கு நான் கேட்டதுல பாதிக்கு மேல அவளுக்காகத்தான் கேட்டேன். அந்த டாக்டர் நம்பர் கொஞ்சம் குடு. ஊட்ல வேற யாருக்கும் தெரியாது. என் அக்காவுக்குத் தெரிஞ்சா அவ்ளோதான்."

அப்ப எங்க வீட்டு விஷயத்தை ஏன் சார் அப்படிப் போய்ச் சொன்னீங்க என்று கேட்டேன்.

"அக்கா புள்ள வாழ்க்கை தம்பி. பொண்ணு ஊட்டை விசாரிக்கச் சொல்லி என்னை அனுப்புனாங்க. கேட்டதைச் சொல்லாம இருக்க முடியுமா?" என்றார். அவர் மேல் எனக்குக் கோபம் வர வேண்டும். வந்தது ஒரு பெரிய அசதி.

டாக்டர் நம்பரைச் சொன்னேன். இரண்டு தடவை சொன்னேன், எழுதிக்கொண்டார். பிறகு, பொண்ணு ஒரு நிமிஷம் பேசணும்ங்கிறா என்று போனைக் கொடுத்தார்.

"அண்ணா, அப்பா வந்து நீங்க சொன்னது எல்லாத்தையும் சொன்னாரு. நான் அன்னிக்குப் பூரா அழுதேன்ணா. நான் சோம்பேறி இல்லன்னு மொத தடவையா ஒருத்தர் சொல்லிக் கேக்கறேன்." வேகமாகப் பேசினாள், மூச்சு விடாமல். டாக்டரைப் பார்த்த புதிதில் நானும் இப்படித்தான் பார்த்தவரிடமெல்லாம் பேசினேன். "டாக்டர் கன்ஃபார்ம் பண்ணிட்டாருன்னா, நானும் உங்கள மாதிரியே எல்லார்கிட்டயும் சொல்லிடலாம்ல? காலேஜ் பிரெண்ட்ஸ்கிட்ட, சொந்தக்காரங்ககிட்ட?"

"வேணாம்மா" என்றேன்.

"ஏன்ணா?"

"கல்யாணம் ஆகிற வரைக்கும் யார்கிட்டயும் சொல்லாதே. ஆனதுக்கு அப்புறமும் சொல்லாதே."

சரிண்ணா என்றாள். போன் அப்பாவிடம் போயிற்று. பெரிய உதவி தம்பி, எந்தக் காலத்துக்கும் மறக்க மாட்டேன் என்று அவர் ரொம்ப நேரம் நன்றி சொன்னார்.