வெளிச்சம் விழும் பக்கம்

முத்தியால்பேட்டை,
12.6.2006

அன்புள்ள அஞ்சலைக்கு,

நான் நலம். அங்கே நீயும் அத்தையும் நலமா? போன் செய்தால் என் குரல் கேட்டதும் வைத்துவிடுகிறாய். அதனால்தான் எழுதுகிறேன். நீ அம்மா வீட்டுக்குப் போய் நாலு மாதமாகிறது. கடையில் கம்ப்யூட்டர் முன்னால் உன் நாற்காலி அப்படியே கிடக்கிறது, யாரையும் உட்கார விடவில்லை. நானே சமைத்து நானே சாப்பிடுகிறேன். ரசம் மட்டும் வாயில் வைக்க முடியவில்லை.

ஒரு செய்தி. கடலோசை ஓட்டல் இராமதாஸ் மாடியில் அறைகள் கட்டிவிட்டார். லோகோவில் ‘கடலோசை’ பக்கத்தில் ‘விடுதி’ என்றும் சேர்க்க வேண்டுமாம், அதே மாதிரி கல்லில் வெட்டிய எழுத்தாக. கம்ப்யூட்டரில் கோரல் டிராவில் நானே வரைந்து கொடுத்தேன். பார்த்துவிட்டு, “பழைய எழுத்து கல்லுல குழிச்ச மாதிரி இருக்கு, புதுசு மட்டும் கொழுக்கட்ட மாதிரி உப்பிக்கிட்டு நிக்குதே” என்று சிரிக்கிறார். மூன்று நாள் மாற்றி மாற்றிப் பார்த்தேன், எங்கே தப்பு என்று பிடிபடவில்லை. பிரிண்ட் வைத்திருக்கிறேன். ஒன்றாம் தேதி போர்டு ஏற வேண்டும். ஒரு எட்டு வந்துவிட்டுப் போ. கோபதாபமெல்லாம் வீட்டில் உட்கார்ந்து பேசிக்கொள்ளலாம்.

உன்
கமலக்கண்ணன்


பிள்ளைச்சாவடி,
17.6.2006

அன்புள்ள மாமாவுக்கு,

நானும் அம்மாவும் நலம். அங்கிருந்து இங்கே பஸ்ஸில் அரை மணி நேரம். உங்கள் கடிதம் வர மூன்று நாள் ஆனது. நாலு மாதத்தில் உங்களுக்கு ஒரு பஸ் கூடவா கிடைக்கவில்லை?

ரசத்தை நுரை கட்டியதும் இறக்கிவிடுங்கள். கொதிக்க விடாதீர்கள்.

பிரிண்டைப் பார்த்தேன். தப்பு பார்த்தவுடனே தெரிந்தது. ஆனால் சொல்ல மாட்டேன். ஓட்டல் திறப்பு விழாவில் இராமதாஸ், “யாருங்க இத வரைஞ்சது?” என்று கேட்டார். “நான்தான்” என்றீர்கள். பக்கத்தில் பட்டுப் புடவையோடு நின்ற என்னைக் காட்டி, “இது நம்ம வூட்ல. டைப் அடிச்சிக் குடுக்கும்” என்றீர்கள். ஒவ்வொரு எழுத்துக்கும் நடுக்கோடு போட்டு, குழியின் சுவரைத் துண்டு துண்டாக நறுக்கி, நூற்றுப் பதினெட்டுத் துண்டுக்கும் தனித்தனியாக நிறம் கொடுத்தது யார்? பதினோரு நாள் கண் எரிய உட்கார்ந்தது யார்? எனக்கு அன்றைக்கு வந்த அவமானம் இன்னும் போகவில்லை.

இராமதாஸிடம் போய், அதை வரைந்தவள் என் மனைவி என்று சொல்லுங்கள். அன்றைக்கே பஸ் ஏறி வந்துவிடுகிறேன். வேறெதுவும் கேட்கவில்லை.

அன்புடன்,
அஞ்சலை


முத்தியால்பேட்டை,
22.6.2006

அஞ்சலைக்கு,

கடிதம் கிடைத்தது. ரசம் நன்றாக வந்தது. ஆனால் நீ கேட்பது நடக்காது. கடையின் பெயரே கமலக்கண்ணன் கிராபிக்ஸ். எனக்கு வேலை தெரியாது என்று நானே போய்ச் சொன்னால் யார் நம்பி ஆர்டர் தருவார்கள்? புருஷன் பேர் வந்தால் என்ன, பெண்டாட்டி பேர் வந்தால் என்ன, எல்லாம் ஒரே வீடுதானே? ஒரு வார்த்தைக்காகக் குடும்பத்தைக் கெடுத்துக்கொள்ளாதே. அடம் பிடிக்காமல் வா.

வர முடியாவிட்டால், தப்பு எங்கே என்றாவது எழுதி அனுப்பு. அது போதும்.

கமலக்கண்ணன்


குருசுக்குப்பம்,
9.7.2006

மாமாவுக்கு,

மேலே ஊர் மாறியிருக்கிறது, காரணம் சொல்கிறேன். நான் வராவிட்டாலும் பரவாயில்லை, பதில் வந்தால் போதும் என்று எழுதிவிட்டீர்கள். அந்த வரியைப் படித்து அழுதேன். பிறகு முகம் கழுவிக்கொண்டு நேரே இராமதாஸிடம் போனேன்.

“ஒங்க வூட்டுக்காரரு தானே போட்டதா சொன்னாரேம்மா” என்றார். ஒரு பென்சில் கேட்டேன். அவர் மேஜையில் கிடந்த காலண்டர் தாளின் பின்பக்கம் ‘வி’ வரைந்து, நடுக்கோடு போட்டு, சுவர்களுக்கு நிழல் கொடுத்தேன். எழுத்து தாளுக்குள் இறங்கியது. தடவிப் பார்த்துவிட்டு, “போர்ட நீயே போட்டுக் குடுத்துரும்மா” என்றார்.

நீங்கள் கேட்டதையும் சொல்லிவிடுகிறேன். ‘கடலோசை’க்கு வெளிச்சம் மேல் இடப்பக்கத்திலிருந்து வருகிறது. அப்படி வந்தால் குழிக்குள் இடது சுவர் இருட்டாக இருக்கும், வலது சுவரில்தான் வெளிச்சம் விழும். நீங்கள் இரண்டையும் மாற்றிப் போட்டீர்கள். அதனால்தான் உப்பிவிட்டது. நான் ஏன் இடப்பக்கம் வைத்தேன் தெரியுமா? கடையில் என் நாற்காலிக்கு இடப்பக்கம்தான் ஜன்னல். தினமும் அதில் சாய்ந்துகொண்டு, “ஆச்சா, ஆச்சா?” என்று கேட்பீர்கள். வெளிச்சத்தை மறைக்கிறீர்கள், தள்ளி நில்லுங்கள் என்று எத்தனை தரம் சொல்லியிருப்பேன்!

போர்டு ஒரு வாரம் தள்ளி நேற்று ஏறிவிட்டது. மூலையில் சின்னதாக என் முழுப் பெயரும் இருக்கிறது. இங்கே ஓர் அறை எடுத்து, பழைய கம்ப்யூட்டர் ஒன்று போட்டிருக்கிறேன். அடுத்த வேலையும் வந்துவிட்டது. அங்கே என் நாற்காலியில் யாரையாவது உட்கார வையுங்கள்.

உங்களுக்கு வர மனமிருந்தால் வாருங்கள். கதவு திறந்துதான் இருக்கும். அன்றைக்குச் சொன்னது பொய் என்று என் முகத்தைப் பார்த்துச் சொல்லிவிட்டு உட்காருங்கள், ரசம் வைத்துத் தருகிறேன். இந்த அறையில் ஜன்னல் வலப்பக்கம் இருக்கிறது. அங்கே மட்டும் உங்களை நிற்க விட மாட்டேன்.

அஞ்சலாட்சி