ஏழாம் அறையின் வெற்றிடக் கலத்தைக் காக்கக் கோரி

அனுப்புநர்:
வெற்றிடத் தொழில்நுட்பர்,
பிளாஸ்மா ஆய்வகம், அறை எண் 7.

பெறுநர்:
இயக்குநர் அவர்கள்,
ஆராய்ச்சி நிலையம்.

பொருள்: பயன்பாட்டிலுள்ள கலம் கழிவுப் பட்டியலில் சேர்க்கப்பட்டது – நீக்க வேண்டுதல்.

மதிப்புக்குரிய அம்மையீர்,

1. இங்கே பத்தொன்பது ஆண்டுகளாகப் பணிபுரிகிறேன். இதுவரை யார் மீதும் புகார் எழுதியதில்லை.

2. எங்கள் எஃகுக் கலத்தில் துளி வாயுவை விட்டு மின்சாரம் பாய்ச்சினால் அது ஒளிரும் பிளாஸ்மாவாகிறது. அதன் ஆயுள் ஒரு நொடியில் பத்தாயிரத்தில் ஒரு பங்கு. அது அணைவதற்குள் எலக்ட்ரான் கற்றையைச் செலுத்தி, உள்ளே நடப்பதை அளப்பதே எங்கள் வேலை. அதற்கென்று தலைமுடியினும் மெல்லிய டங்ஸ்டன் கம்பியைப் பீங்கான் குழாயில் கோத்து, நானே ஓர் ஆய்முனை செய்தேன். இரண்டு உடைந்தன. மூன்றாவது நின்றது.

3. கடந்த செவ்வாய் காலை பதினொன்றரைக்குக் கற்றை பாய்ந்தபோது, ஆய்முனை அளப்பதை வரைந்து காட்டும் அலைநோக்கித் திரையில் அதுவரை சீராக இறங்கிய கோடு நடுங்கியது. மறுபடி செலுத்தினோம். அதே இடத்தில் அதே நடுக்கம். நாற்பது முறை செலுத்தியும் அப்படியே. ஆய்வை நடத்தும் எங்கள் பேராசிரியர் நாற்காலியை விட்டு எழுந்து, "பீம் சும்மா கடந்து போகலம்மா, பிளாஸ்மாவையே அலையடிக்க வெச்சுட்டுப் போகுது" என்றார். எந்த அடுப்புத் தீயையும்விடச் சூடான ஒன்றினுள் எழுந்த அலையை, என் கையால் செய்த கம்பி தொட்டு வந்து சொன்னது. அன்று சாப்பிட மறந்து அந்தக் கோட்டையே பார்த்துக்கொண்டிருந்தேன். அலுவலக மொழியில் இதற்குச் சொல் தெரியவில்லை, மன்னிக்கவும்.

4. நேற்று சரக்கறைக் கண்காணிப்பாளர் கணக்கெடுக்க வந்தபோது நான் வெளியே போயிருந்தேன். கண்ணாடி வழியே பார்த்து, "உள்ள ஒண்ணுமே இல்லையே" என்று கழிவுக்கான சிவப்புச் சீட்டு ஒட்டி, உறுதி செய்துகொள்ள வால்வையும் திறந்திருக்கிறார். ஒன்றுமில்லாமல் ஆக்கத்தான் பதினோரு நாள் பம்பு ஓடியது. நான் நுழையும்போது காற்று உஸ்ஸென்று உள்ளே போய்க்கொண்டிருந்தது. கற்றையை உமிழும் சூடான முனை காற்றுப் பட்டுக் கருகிவிட்டது. காற்றின் வேகத்தில் ஆய்முனைக் கம்பியும் முறிந்தது.

5. அவர் மீது நடவடிக்கை கோரவில்லை. பதிவான கோட்டை அவருக்குக் காட்டினேன். வெகுநேரம் பார்த்தார். "இத்துனூண்டு நேரத்துல இவ்வளவு நடக்குதாக்கா?" என்றார். இன்று காலை சீட்டை அவரே கிழித்தார். ஆனால் பட்டியல் தங்கள் அலுவலகத்துக்குப் போய்விட்டது.

6. திங்களன்று கழிவு ஏற்றும் வண்டி வருகிறது. அதே நடுக்கத்தை வேறோர் ஆய்முனையாலும் எடுத்துக் காட்டாதவரை எங்களை எவரும் நம்பமாட்டார்கள், நம்பவும் கூடாது. ஆகவே கலத்தைப் பட்டியலிலிருந்து நீக்கி, புதிய உமிழ்முனையும் ஆறு வார அவகாசமும் தந்தருளுமாறு வேண்டுகிறேன். நான்காவது கம்பியைக் கோக்கத் தொடங்கிவிட்டேன்.

இடம்: அறை எண் 7
நாள்: மார்ச் 14, வெள்ளி

தங்கள் ஆணைக்குக் காத்திருக்கும்,
(ஒப்பம்)
வெற்றிடத் தொழில்நுட்பர்

மேற்கண்டவை உண்மை. வால்வைத் திறந்தவன் நான்தான். கலத்தை விட்டுவிடும்படி நானும் கேட்டுக்கொள்கிறேன்.
(ஒப்பம்)
சரக்கறைக் கண்காணிப்பாளர்