கன்னத்துக் கோடு

பிப். 9, திங்கள்

காலையில் பனி. ஜன்னல் கம்பியெல்லாம் ஈரம். துவைக்க: யூனிஃபார்ம் சேலை இரண்டு. வாங்க: சோப்பு, ஊக்கு.

வலது கன்னத்தில் எரிச்சல். காதோரம் தொடங்கி வாய் வரை ஒரு சிவப்புக் கோடு, சுட்ட கரண்டிக் காம்பால் இழுத்த மாதிரி. மத்தியானத்துக்குள் கொப்புளம். கடையில் பட்டுச் சேலை விரித்துக் காட்டிக்கொண்டிருக்கிறேன், எதிரே இருந்த அம்மாள் சேலையைப் பார்க்கவில்லை, கன்னத்தைத்தான் பார்த்தாள். எழுந்து அடுத்த கவுண்டருக்குப் போய்விட்டாள்.

ஃப்ளோரைக் கவனிக்கும் அண்ணாச்சி கூப்பிட்டார்.

"மூஞ்சில என்னட்டி செல்வி? தொத்து வியாதி மாதிரில்லா இருக்கு. கஸ்டமர் என்ன நெனப்பாவ? ஊருக்குப் போயி ஆறினதும் வா."

ஊருக்கு! ராதாபுரத்தில் அப்பா இதற்குத்தான் காத்திருக்கிறார். வேலைக்கு அனுப்பும்போதே சொன்னது: "பாதியில திரும்பி வந்தேன்னா அதோட வேலைக்கு முழுக்கு. அத்தை மவன் இருக்கான்." அவன் இருக்கட்டும். நான் போகமாட்டேன். போனால் திரும்ப விடமாட்டார்கள்.

கெஞ்சிக் கூத்தாடி வெள்ளிக்கிழமை வரை தவணை. அதுவரை குடோனில், யார் கண்ணிலும் படாமல்.

பிப். 10, செவ்வாய்

கடை ஹாஸ்டல் மேட்ரன் அக்கா பார்த்தவுடனே சொல்லிவிட்டாள், அக்கி என்று. விடிந்ததும் அக்கி எழுதும் ஒரு வேளார் வீட்டுக்கு, பானை செய்கிறவர், இழுத்துப் போனாள். அவர் காவியைக் குழைத்துக் கன்னத்தில் சிங்கம் எழுதினார். மூன்று நாள் கழுவக் கூடாதாம். பி.எஸ்ஸி. விலங்கியல் படித்தவள், முகத்தை நீட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். எழுதவே வெட்கமாக இருக்கிறது. பயம் வந்தால் படிப்பு எங்கே போகிறதோ.

பேச்சி சரக்கு எடுக்கக் குடோனுக்கு வந்தாள். காட்டன் பிரிவு, ஏரல்காரி, ஹாஸ்டலில் எனக்கு அடுத்த பாயில் படுப்பவள். பார்த்ததும் சிரிப்பு.

"ஏட்டி, இதுவா அக்கி? அறுப்பு சமயத்துல எங்கூர்ல பாதிப் பேரு மூஞ்சி இப்படித்தான் இருக்கும். வயல்லேருந்து லைட்டுக்கு வார பூச்சி. தூக்கத்துல நசுக்கியிருப்ப."

எங்கள் பக்கம் பனையும் உடைமுள்ளும்தான். வயல் பூச்சியை நான் எங்கே கண்டேன்? ஆனால் ஹாஸ்டலுக்குப் பின்னால் முழுக்க வயல், இப்போது அறுப்பு. ஜன்னலில் வலை கிடையாது. வராந்தா டியூப்லைட் அணைவதே இல்லை.

சிங்கத்தைக் கழுவிவிட்டேன். மேட்ரன் அக்காவுக்குக் கோபம்.

பிப். 11, புதன்

விடியற்காலை பாயை உதறியதில் நான்கு அகப்பட்டன. ஊக்கு டப்பாவில் அடைத்தேன்.

எறும்பைவிடக் கொஞ்சம் நீளம். தலை கறுப்பு. நெஞ்சு ஆரஞ்சு. நடுவில் மயில்கழுத்து நிறத்தில் ஒரு பட்டை. மறுபடி ஆரஞ்சு. வால் நுனி கறுப்பு. இந்த நிறத்தில் ஒரு சேலை வந்தால் ஒரு மணி நேரத்தில் விற்றுக் காட்டுவேன்.

எச்சரிக்கை நிறம். ஐந்து மதிப்பெண் கேள்வி, எழுதியிருக்கிறேன். "என்னைத் தொடாதே" என்று உடம்பெல்லாம் எழுதிக்கொண்டு திரிவது. பறவைக்குப் புரியும். தூங்குகிறவளுக்கு?

போனில் தேடிப் படித்தது: கடிக்காது. கொட்டாது. நசுக்கினால்தான் விஷம், அதன் ரத்தத்திலேயே இருக்கிறது. ஒருவரிடமிருந்து இன்னொருவருக்குத் தொற்றாது. விஷம் உண்டாவது பெண் பூச்சிக்குள் குடியிருக்கும் ஒரு நுண்ணுயிரியால். ஆணுக்குக் கிடைப்பது அம்மா முட்டையில் வைத்துக் கொடுத்தது மட்டும். இதைப் படித்ததும் ஏனோ தெம்பு வந்தது.

பத்து மணிக்கு அண்ணாச்சி மேசையில் டப்பாவை வைத்தேன்.

"இம்புட்டூண்டு பூச்சியா? கதை விடாதட்டி."

கோபம் வந்துவிட்டது. ஒன்றை எடுத்து இடது கையில் வைத்தேன். சேலையில் தொங்கும் விலைச் சீட்டால் நசுக்கி, பெருக்கல் குறி மாதிரி இழுத்தேன். அண்ணாச்சி நாற்காலியை விட்டே எழுந்துவிட்டார்.

"கிறுக்கு புடிச்சிருக்கா ஒனக்கு?"

"எந்த வியாதியும் பெருக்கல் குறி போடாது அண்ணாச்சி. வெள்ளிக்கெழமை பாருங்க, இதே எடத்துல இதே குறி வரும். வரலன்னா நானே பஸ் ஏறுதேன்."

பிப். 12, வியாழன்

கையில் ஒன்றுமில்லை. லேசாகச் சிவப்பு? இல்லை, நானே தடவித் தடவிச் சிவந்தது. ஒருவேளை நசுக்கியது விஷம் குறைந்த ஆண் பூச்சியோ? பார்த்தா எடுத்தேன்!

அப்பா போன். "மேட்ரன் சொன்னாவ. நாளைக்கு வாரேன், துணிமணியக் கட்டி வையி."

பெட்டியில் இருந்த துணி அத்தனையையும் எடுத்து வாளியில் முக்கினேன். ஈரத் துணியை யாரும் பெட்டியில் கட்ட முடியாது.

பேச்சி: "நல்ல துணியுமாட்டி?"

நல்ல துணியும்தான்.

பிப். 13, வெள்ளி

எரிச்சலில் முழிப்பு. வந்துவிட்டது! பெருக்கல் குறி, கோடு பிசகாமல், ஓரமெல்லாம் கொப்புளம். வலியிலும் சிரித்தேன். பேச்சியை உதைத்து எழுப்பிக் காட்டினேன்.

அண்ணாச்சி கண்ணாடியைப் போட்டுக்கொண்டு வெகுநேரம் பார்த்தார். "சரி, மேல கவுண்டருக்குப் போ. கன்னத்துல பவுடரு அடிச்சுக்கோ. கைய முந்தானையால மூடிக்கோ."

"மூட மாட்டேன் அண்ணாச்சி. ஹாஸ்டல் ஜன்னலுக்கு வலை போடுங்க. அதுவரைக்கும் கேக்குதவங்க எல்லார்ட்டயும் சொல்லத்தான் செய்வேன்."

சொன்னேன். கல்யாணப் பட்டு எடுக்க வந்த ஒரு குடும்பமே கேட்டது. "எங்க ஹாஸ்டல்ல பூச்சிங்க. தொத்தாது. ஜன்னல்ல வலை இல்ல." உரக்கத்தான் சொன்னேன். அண்ணாச்சி தூணுக்குப் பின்னால் நின்று யாருக்கோ போன் செய்தார். மத்தியானம் ஜன்னல் அளவெடுக்க ஆள் போனதாகப் பேச்சி வந்து சொன்னாள்.

மூன்று மணிக்கு அப்பா. கையில் குடை, வெறும் பை. நேரே கவுண்டருக்கு வந்து கன்னத்தைப் பார்த்தார், கையைப் பார்த்தார்.

"கெளம்பு."

இரண்டு கையிலும் விரித்த சேலை. எதிரே கல்யாணப் பெண்.

"கஸ்டமர் இருக்காவ அப்பா. செத்த அங்கன உக்காருங்க. நான் வரல."

குடையைத் தூணில் சாய்த்தார். பிறகு உட்கார்ந்தார். அடுத்த சேலையைப் பிரித்தேன்.