வாசல் நிலை வைக்காத வீடு

ஜூன் 11, 2025, புதன்

பள்ளி திறந்து பத்து நாளாகிறது. மூன்றாம் வகுப்புக்கு இன்னும் கணக்குப் புத்தகம் முழுசாக வந்து சேரவில்லை. வீட்டுக்கு வந்தால் இங்கே ஒரு வாத்தியார் புத்தகமே எழுதிக்கொண்டிருக்கிறார். இவருக்குக் கை நடுங்குகிறது. அதனால் சொல்வது இவர், எழுதுவது நான்.

இன்று நாலாவது அத்தியாயம். கனத்த மர உத்தரங்களைக் கோத்து வீடு கட்டிக்கொண்டிருந்த அமெரிக்கர்கள், ஆணி மலிவானதும் மெல்லிய சட்டங்களை அடித்தே சுவர் எழுப்ப ஆரம்பித்த கதை. இருபத்திரண்டு வருஷம் கட்டடக்கலை மாணவர்களுக்கு இதைத்தான் நடத்தினார். அமெரிக்காவைக் கண்ணால் கண்டதில்லை. ஆனால் அந்த ஊரில் எந்த வருஷத்து வீட்டில் அடுப்படி எந்தப் பக்கம் என்று கேட்டால் தூக்கத்தில்கூடச் சொல்வார். நம் வீட்டில் சீனி டப்பா எங்கே என்று கேட்டால் தெரியாது.

மூன்றாவது அத்தியாயத்தை மட்டும் தாண்டிவிட்டார். "பார்லர் சமாச்சாரம் பொறவு பாத்துக்கலாம், பூரணம்" என்றார். பார்லர் என்றால் அந்தக் காலத்து அமெரிக்க வீட்டின் முன்னறையாம்.

மே மாசம் மதுரை டாக்டர் சொன்னது இன்றைக்கும் காதில் நிற்கிறது. இவருக்கு ஈரலில் ஆரம்பித்து எங்கெங்கோ பரவிவிட்டது. மூன்று மாசம், கூடினால் நாலு. "இனிமே வீட்ல வச்சுப் பாத்துக்கோங்கம்மா."

எந்த வீட்டில்? இது வைகுண்டராஜ் அண்ணன் வீடு. ஒன்பது வருஷமாகக் கீழே நாங்கள் வாடகைக்கு, மேலே அவர்கள்.

ஜூன் 15, ஞாயிறு

ஆராதனை முடிந்து ராஜபாளையம் போய் நாங்கள் கட்டுகிற வீட்டு வேலையைப் பார்த்தேன். அய்யனார் கோவில் ரோட்டில் எங்கள் மூன்றரை சென்ட். தளம் போட்டாயிற்று, உள்பூச்சு பாதி. வாசல் நிலை நிற்கிறது, கதவு இல்லை. கொத்தனார் சோலைராஜ், "சார் ஒடம்பு எப்படி இருக்கு டீச்சர்? ஆடிக்குள்ள உங்கள உள்ள விட்ருவேன்" என்றார்.

ஆடிக்குள் என்றால் ஒரு மாசம். போதும். ஆண்டவரே, அது வரைக்கும் இவரை உயிரோடு வையும்.

ஜூலை 2, புதன்

இதை எழுதலாமா வேண்டாமா என்று ஒரு மணி நேரம் யோசித்தேன்.

வைகுண்டராஜ் அண்ணன் இறங்கி வந்தார். இவர் தூங்குகிறாரா என்று எட்டிப் பார்த்துவிட்டு, என்னைப் பின்பக்கம் அழைத்துப் போனார். மகள் பாண்டிசெல்விக்குக் கல்யாணம் பேசி முடித்துவிட்டார்களாம், ஐப்பசியில். சந்தோஷம் அண்ணே என்றேன். அவர் போகவில்லை. துவைக்கிற கல்லையே பார்த்துக்கொண்டு நின்றார்.

"தப்பா நெனைக்காதிய டீச்சர். சார் எனக்குக் கூடப்பெறந்தவரு மாதிரி. ஆனா ஏதும் ஒண்ணுன்னா... கல்யாண வீடு பாருங்க. மாப்ள வீட்டுக்காரவிய இதெல்லாம் ரொம்பப் பாப்பாவ. உங்களுக்குன்னு வீடு வருதுல்ல, அங்க வச்சுக்கிட்டா..."

சரி அண்ணே என்றேன். கோபப்படுவதற்குக்கூட அந்த மனுஷன் இடம் கொடுக்கவில்லை, அழுதுவிட்டார். வாடகை வீட்டில் சாவு விழக்கூடாது, ஆஸ்பத்திரியில் செத்தாலும் பிணத்தைக் கொண்டுவந்து கிடத்தக்கூடாது. ஊர் முழுக்க இருக்கிற வழக்கம்தான். நமக்கு வரும்போதுதான் அது என்ன மாதிரி வழக்கம் என்று தெரிகிறது.

இவரிடம் சொல்லவில்லை.

ஜூலை 3, வியாழன்

சொல்ல வேண்டியதே இல்லை. பின்பக்கத்து ஜன்னல் திறந்துதான் இருந்திருக்கிறது.

ஜூலை 9, புதன்

சோலைராஜுக்கு இவர் போன் போட்டு முன்வராந்தாத் தூணை இடித்துக் கட்டச் சொல்லியிருக்கிறார். கீழே அகலமாகவும் மேலே போகப் போகக் குறுகியும் இருக்க வேண்டுமாம். நூறு வருஷத்துக்கு முந்தி கலிபோர்னியாவில் கட்டிய பங்களாவில் அப்படித்தான் இருந்ததாம். போன வாரம் ஜன்னலை ஒன்றரை அடி தள்ளச் சொன்னார். அதில் நாலு நாள் போனது, இதில் ஐந்து நாள்.

"கலிபோர்னியாக்காரன் வந்து பாக்கப் போறானா? அங்க போய்ப் படுக்க முதல்ல ஒரு வீடு வேணும்" என்றேன். சிரித்துவிட்டு, எழுது என்றார். தபாலில் வீடு விற்ற கதை. படம் பார்த்துப் பணம் கட்டினால் முழு வீடும் துண்டு துண்டாக, நம்பர் போட்டு, ரயிலில் வந்து இறங்குமாம். ஆணியும் பெயின்ட்டும்கூட அதிலேயே. அடுக்கி அடித்துவிட்டுக் குடிபோகலாம்.

எனக்கு அப்படி ஒரு ரயில் வேண்டும். நாளைக்கே வேண்டும்.

ஜூலை 15, செவ்வாய்

வாசல் நிலையைப் பெயர்த்துவிட்டார்கள்!

அகலம் போதாதாம். முன்கதவு நாலடி இருந்தால்தான் பங்களாவாம். இவர் சொல்லியிருக்கிறார், சோலைராஜும் எடுத்துப் போட்டுவிட்டார். புது நிலையைத் தச்சாசாரி இரண்டு நாளில் தந்துவிடுவாராம். ஆனால் நாளை மறுநாள் ஆடி ஒன்று. ஆடியில் எவனாவது நிலை வைப்பானா? சோலைராஜ் வைக்கமாட்டார், அவர் அப்பா வைத்ததில்லை, தாத்தா வைத்ததில்லை. வாசலில் நிலை இல்லாமல் உள்ளே தரை போடவும் ஆட்கள் யோசிக்கிறார்கள். எல்லாம் ஆவணிக்குத் தள்ளிப்போனது.

வாயில் வந்ததையெல்லாம் சொல்லிவிட்டேன். "நமக்கு ஆடி கெடையாதுங்கிறதுக்காக அவுகளுக்கும் கெடையாதா? இந்த ஊர்லதான பொறந்தீக? அமெரிக்கா அமெரிக்கான்னு கெடந்து நாள்கெழமை கூட மறந்துபோச்சா?"

இவர், மறந்துட்டேன் பூரணம் என்றார். அதற்கு மேல் எப்படித் திட்டுவது? சுருண்டு படுத்திருக்கிறார், என் கைத்தண்டி கூட இல்லை அந்தக் கால்.

ஜூலை 19, சனி

தளவாய்புரத்தில் தவசிமுத்து என்று நம் சபைக் கொத்தனார் ஒருவர் இருப்பதாகக் கேள்விப்பட்டு ஓடினேன். நல்ல விசுவாசி. என் கதையெல்லாம் கேட்டார், கண்ணை மூடி எனக்காக ஜெபமும் பண்ணினார். பிறகு, "ஆடியில மட்டும் வேண்டாம் டீச்சர்" என்றார்.

பஸ்ஸில் வரும்போது சிரிப்பு வந்தது. சிரிப்போடு சிரிப்பாக அழுகையும் வந்து, பக்கத்தில் இருந்த அம்மா தண்ணீர் பாட்டிலை நீட்டினார்.

ஜூலை 26, சனி

ராஜபாளையம் போனேன். வேறு மேஸ்திரியைக் கூட்டி வரப்போகிறேன் என்று சோலைராஜிடம் சத்தம் போட்டேன். அவர் கரண்டியைக் கழுவி வைத்தார்.

"என்னைய ஏசாதிய டீச்சர். சார்தான் சொன்னாவ. ஆடி என்னைக்குப் பொறக்குதுன்னு கேட்டாவ. அதுக்கு முந்தி நிலையப் பேத்துரு, ஆவணியில வச்சுக்கிடலாம்னாவ. தூணு, சன்னலு எல்லாம் அதுக்குத்தான். டீச்சருக்குத் தெரிய வேண்டாம்னாவ. எனக்கு மனசு கேக்கல."

மறக்கவில்லை. நாள் பார்த்துச் செய்திருக்கிறார். நான் நாளை எண்ணி ஓடுகிறேன், இவர் கட்டிலில் படுத்துக்கொண்டே என்னைத் தோற்கடித்துவிட்டார்.

ஜூலை 27, ஞாயிறு

கோவிலுக்குப் போகவில்லை. கேட்டுவிட்டேன்.

மூணாவது அத்தியாயத்தைச் சொல்றேன், எழுத வேண்டாம், கேளு என்றார். அந்தக் காலத்து அமெரிக்கர்களும் நம்மைப் போலத்தானாம். வீட்டில் யாராவது செத்தால் பார்லரில்தான் கிடத்துவார்கள், சொந்தபந்தம் அங்கேதான் வந்து பார்க்கும். மற்ற நாளில் அந்த அறையில் யாரும் சும்மா உட்காருவதில்லை. அப்புறம் ஊருக்கு ஊர் சாவுக்கென்றே தனியாக இடம் வந்தது, பிணம் அங்கே போனது. பார்லர் போய், எல்லாரும் புழங்குகிற லிவிங் ரூம் வந்தது.

"மெட்ராஸ்ல இருக்கிற புள்ள வந்து வந்தா போகப் போகுது? நீதான் அங்க தனியா இருக்கணும். மொதமொத என் பொணத்தக் கெடத்திட்டா அது சாவு வீடுதான். மாடி எடுத்து வாடகைக்கு விட்டா எவன் வருவான்? ராத்திரி அந்த ஹால்ல ஒனக்குத் தூக்கம் வருமா? ஆஸ்பத்திரியில முடியட்டும், அங்கருந்து நேரா சர்ச் ஹாலுக்கு. பாஸ்டர்ட்ட பேசிட்டேன். நீ பொறவு பிரதிஷ்டை பண்ணி, நல்ல வீடா உள்ள போ."

பாஸ்டரிடம் பேசிவிட்டாராம், கொத்தனாரிடம் பேசிவிட்டாராம். என்னிடம்தான் பேசவில்லை.

நான் என்ன அமெரிக்காக்காரியா என்று கேட்டேன். அந்த வீட்டுக்காக இருபது வருஷமா ஒரு சேலை நெனைச்சு எடுத்திருக்கனா? ஒரு நாள்கூட நீங்க படுக்காத வீட்டுல நான் எதுக்குக் குடிபோகணும், செவத்தப் பாத்துக்கிட்டு இருக்கவா? இவர் கண்ணைத் துடைத்துக்கொண்டார். நானும்.

இத்தனை அன்பை வைத்துக்கொண்டு இப்படியொரு சூதைச் செய்ய இவரால்தான் முடியும். கோபம் இன்னும் ஆறவில்லை.

ஜூலை 28, திங்கள்

ஆடிப்பூரம். தேர் ஓடியது, பள்ளி விடுமுறை. தெருவில் கால் வைக்க இடமில்லை. இவர் ஒரு கவளம்தான் சாப்பிட்டார். நான் முடிவு பண்ணிவிட்டேன்.

ஆகஸ்ட் 3, ஞாயிறு

வந்துவிட்டோம்.

வேன் பிடித்துக் கட்டிலோடு கூட்டி வந்தேன். தரையில் வெறும் கான்கிரீட். வாசலில் நிலையும் இல்லை, கதவும் இல்லை. சோலைராஜ் நீலத் தார்ப்பாயைக் கட்டித் தொங்கவிட்டிருக்கிறார். லைட்டு ஒன்றே ஒன்று. ஜெபா மெட்ராஸிலிருந்து வந்து, "ஒனக்குப் பைத்தியமாம்மா" என்றவள், அப்பா முகத்தைப் பார்த்ததும் வாயை மூடிக்கொண்டு பெருக்க ஆரம்பித்தாள். பாஸ்டர் வந்து தார்ப்பாயைத் தூக்கிப் பிடித்துக்கொண்டே பிரதிஷ்டை ஜெபம் பண்ணினார்.

ஹாலில் கட்டிலைப் போட்டோம். இவர் மேலும் கீழும் பார்த்தார். "தூணு நல்லாத்தான் வந்திருக்கு" என்றார்.

ஆகஸ்ட் 9, சனி

தார்ப்பாயைச் சுருட்டிக் கட்டினால் மேற்கே மலை தெரிகிறது. சாயந்தரம் சாரல் உள்ளே வரைக்கும் அடிக்கிறது. கதவு இருந்தால் இது கிடைத்திருக்காது என்கிறார், திருட்டுப் புத்தி போகவில்லை.

மூன்றாவது அத்தியாயம் இன்று சொன்னார், எழுதிக்கொண்டேன். நடுநடுவே தூங்கிவிடுகிறார். ஏழு பக்கம் வந்திருக்கிறது.

ஆகஸ்ட் 12, செவ்வாய்

பேச்சு இல்லை. கையைப் பிடித்தால் பிடிக்கிறார்.

ஆகஸ்ட் 14, வியாழன்

காலை ஐந்தேகாலுக்கு. இந்த ஹாலில்தான். என் கை அவர் நெஞ்சில் இருந்தது.

ஆகஸ்ட் 24, ஞாயிறு

கல்லூரிப் பிள்ளைகள் மூன்று பஸ்ஸில் வந்தார்கள். வைகுண்டராஜ் அண்ணன் கல்லறைத் தோட்டத்துக்கு வந்து ஒதுங்கி நின்றார். எல்லாரும் நன்றாகத்தான் அடக்கம் நடந்தது என்கிறார்கள். எனக்குப் பெட்டியைத் தூக்கியதுதான் ஞாபகம் இருக்கிறது. நிலையில்லாத வாசல், எங்கேயும் இடிக்காமல் போனது.

ஆவணி பிறந்து ஏழு நாளாயிற்று. சோலைராஜைக் கூப்பிட்டேன். "பதினாறு கழியட்டும் டீச்சர், பொறவு வாரேன்" என்றார்.

செப்டம்பர் 7, ஞாயிறு

நிலை வைத்தார்கள். நாலடி. எனக்கு எதற்கு நாலடி?

அக்டோபர் 5, ஞாயிறு

ஜெபா இரண்டு நாள் வந்துவிட்டுப் போனாள். ராத்திரி ஹாலில் படுக்க மாட்டேன் என்று அடுப்படியில் பாய் விரித்துக்கொண்டாள். பக்கத்து வீட்டு முனீஸ்வரி நல்லவள், குழம்பு கொடுப்பாள், ஆனால் வராந்தாவைத் தாண்ட மாட்டாள். இன்று வைகுண்டராஜ் அண்ணன் பாண்டிசெல்வி கல்யாணப் பத்திரிகை கொண்டுவந்தார். அவர் வீட்டம்மா ஆட்டோவை விட்டு இறங்கவே இல்லை.

உள்ளே வாங்க அண்ணே என்றேன். காலில் கிடந்த செருப்பை ஒரு நிமிஷம் பார்த்தார். பிறகு, "இல்ல டீச்சர், இன்னும் நாலு வீடு போணும்" என்று வராந்தாப் படியில் நின்றபடியே நீட்டினார். அந்த மனுஷனின் கண் என்னைத் தாண்டி ஹாலுக்குள் போய்விட்டுத் திரும்பியது. ஒன்பது வருஷம் எங்களோடு காப்பி குடித்தவர். ஆட்டோ திரும்பும் வரைக்கும் நின்றேன்.

இவர் சொன்னது அம்புட்டும் சரி. ஒன்றுகூடத் தப்பவில்லை. ராத்திரி எனக்கே தூக்கம் வருவதில்லை. விளக்கைப் போட்டுக்கொண்டு அவர் கட்டில் கிடந்த இடத்தைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன். எல்லாம் தெரிந்துதான் இவர் என்னைத் தடுத்திருக்கிறார். இன்னொரு ஆடி வந்து, இன்னொரு தரம் தடுத்தாலும், இவரை இந்த வீட்டுக்குக் கூட்டிக்கொண்டுதான் வருவேன்.