ஆள் பத்தலை

மார்ச் 4

வயிற்றெரிச்சல் மாத்திரையின் கோப்பு என் மேசைக்கு வந்துவிட்டது. எங்கள் மாத்திரையும், சந்தையில் ஏற்கெனவே இருக்கும் மூல மாத்திரையும் ரத்தத்தில் ஒரே மாதிரி ஏறுகின்றனவா என்று பார்க்க வேண்டும். எத்தனை பேருக்குக் கொடுத்துப் பார்ப்பது என்று சொல்வது என் வேலை. படுத்துகிற மருந்து இது. ஒரே ஆள், ஒரே மாத்திரை: ஒருநாள் கிடுகிடுவென்று ஏறுகிறது, இன்னொரு நாள் அசைய மாட்டேன் என்கிறது. கணக்கு எண்பத்திரண்டு பேர் கேட்டது. எழுதிக் கொடுத்தேன்.

மார்ச் 5

முதலாளி கூப்பிட்டார். "நம்மகிட்ட கட்டில் இருபத்துநாலுதான் இருக்கு. இருபத்துநாலுன்னு போடுங்க."

"கட்டிலை வச்சு ஆளைக் கணக்குப் பண்ண முடியாது சார்."

"பின்னே, தரையிலயா படுக்க வைக்கிறது?"



மார்ச் 7

மருந்தின் மாறுபாடு (அது குறைந்தால் ஆளும் குறையும்) எவ்வளவு என்று இன்று கூட்டத்தில் கைதூக்கி வாக்கெடுத்தார்கள். முன்னோட்ட ஆய்வில் வந்தது நாற்பத்தைந்து சதவீதம். வாக்கெடுப்பில் ஜெயித்தது இருபது.

மார்ச் 10

முதலாளிக்கு மனவருத்தம். இரண்டு மாத்திரைக்கும் ஐந்து சதவீதம் வித்தியாசம் இருக்கலாம் என்று நான் வைத்துக்கொண்டதைப் பார்த்துவிட்டார்.

"நம்ம மாத்திரையைப் பத்தி நீங்களே இப்படி எழுதலாமா? ஊகம்தானே, நல்லதா ஊகிங்களேன்."

இருபத்துநாலு பேரோடு போனால், மாத்திரை நல்லதாகவே இருந்தாலும் ஆய்வு தேறுவது பத்தில் ஒரு தடவைதான் என்றேன்.

"நமக்கு அந்த ஒரு தடவை போதுமே" என்றார் விற்பனை மேலாளர்.

கையெழுத்துப் போட மாட்டேன் என்று சொல்லிவிட்டு வந்துவிட்டேன். வேறு ஆளை வைத்துக்கொள்வார்களோ? வீட்டில் இவரிடம் சொன்னால், "எண்பத்திரண்டுலேர்ந்து கொஞ்சம் இறங்கி வரக் கூடாதா?" என்கிறார். நான் என்ன காய்கறிக் கடையா நடத்துறேன்?

மார்ச் 12

தேநீர் இயந்திரத்துக்குப் பக்கத்தில் பெயிண்டர் அண்ணன் நின்றிருந்தார். எங்கள் ஆய்வுகளுக்குத் தவறாமல் வந்து ரத்தம் கொடுப்பவர்.

"போன தடவை எடுத்தீங்களே, அது தேறிடுச்சா மேடம்?"

"இல்லண்ணே. ஆள் பத்தலை."

"சொல்லியிருந்தா மச்சானையும் கூட்டிட்டு வந்திருப்பேனே."

முதலில் சிரிப்பு வந்தது. அப்புறம் டீயை அப்படியே வைத்துவிட்டு இடத்துக்கு வந்தேன். அத்தனை பேர் ரத்தமும் சாக்கடைக்குத்தானா?

மார்ச் 13

முதலாளியிடம் வேறு வழி சொன்னேன். ஆளுக்கு நான்கு முறை: நம் மாத்திரை இரண்டு தடவை, மூல மாத்திரை இரண்டு தடவை. மூல மாத்திரையே ஒரே ஆளுக்குள் இவ்வளவு தாவுகிறது என்று காட்டிவிட்டால், எவ்வளவு வித்தியாசம் வரை ஒரே மாதிரி என்று ஒப்புக்கொள்வது என்ற எல்லையைச் சற்று அகலமாக்க விதியில் இடம் உண்டு. இருபத்தெட்டு பேர் போதும்.

அவர் முகம் மலர்ந்தது. "அப்போ ஒரே ஆளுக்கு நூறு தடவை கொடுத்தா?"

"அந்த ஒருத்தருக்கு மட்டும் வித்தாப் போதும் சார்."

கோப்பைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார். போச்சு, வேலை போச்சு என்று நினைத்தேன். "சரி, இருபத்தெட்டு" என்றார்.

நடுவில் விலகுவோருக்காக இன்னும் நான்கு பேர் வேண்டும் என்றேன். "விலகக் கூடாதுன்னு சொல்லிடுங்க" என்றார்.

முப்பத்திரண்டு என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன்.

மார்ச் 29

பழைய கட்டில் எட்டுக்குப் பதிலாக இரண்டு தட்டுள்ள அடுக்குக் கட்டில்கள் எட்டு வந்து இறங்கின. மேல்தட்டில் படுப்பவருக்கு ரத்தம் எடுக்க நர்ஸம்மா ஏணியில் ஏறிப் பழகுகிறார். "படிக்கும்போது இதெல்லாம் சொல்லித் தரலை மேடம்" என்றார்.

ஏப்ரல் 5

முதல் சுற்று முடிந்தது. பெயிண்டர் அண்ணன் மேல்தட்டைக் கேட்டு வாங்கிக்கொண்டார். கூட வந்த மச்சானுக்கு உயரம் என்றால் பயமாம்.

மே 3

நான்காம் சுற்றும் ஆயிற்று. இரண்டு பேர் விலகினார்கள். முதலாளி அதைச் சொந்த அவமானமாக எடுத்துக்கொண்டிருக்கிறார்.

ஜூன் 18

தேறிவிட்டது. எல்லைக்குள்தான், ஆனால் ஓரத்தில். கூட்டத்தில் முதலாளி, "முப்பத்திரண்டுன்னு நான் ஆரம்பத்துலேயே சொன்னேன்" என்றார். எல்லோரும் கைதட்டினார்கள். நானும்.

ஜூன் 27

முதலாளி அறைக் கதவு திறந்திருந்தது. அடுத்த மருந்தைப் பற்றிப் போனில் யாரிடமோ பேசிக்கொண்டிருந்தார்.

"எத்தனை பேர்னு இப்ப என்னைக் கேக்காதீங்க. முதல்ல அந்த அம்மா பாக்கட்டும்."

உள்ளே போகாமல் என் இடத்துக்கே திரும்பிவிட்டேன்.