நான் குளிக்காத கடல்

என் அன்புள்ள வீட்டுக்காரருக்கு,

நீங்கள் போன பிறகு வரும் முதல் டிசம்பர் இது. அங்கே சுகமா என்று கேட்கத்தான் பேனாவை எடுத்தேன். கோபம் முந்திக்கொள்கிறது. செத்துப்போனவர் என்பதற்காக உங்களுக்குச் சலுகை கொடுக்க முடியாது.

முதலில் வீட்டுச் செய்தி. பள்ளிக்கூடத்தில் இந்த வருஷமும் எனக்கு ஐந்தாம் வகுப்புதான். உங்கள் சைக்கிளை யாருக்கும் கொடுக்கவில்லை. கடைசியாக நீங்கள் தோல் பதனிடும் டேனரிக்குப் போட்டுப்போன நீலச் சட்டை கதவுக்குப் பின்னால் ஆணியில் தொங்குகிறது. துவைக்க மனம் வரவில்லை. வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், சில நாள் அதில் முகத்தைப் புதைத்துக்கொண்டு நிற்பேன். கல்யாணமான புதிதில் மூக்கைப் பொத்திக்கொண்டு ஓடினேனே, அதே தோல் வாசனை.

போன வாரம் அந்த ஜெர்மன்காரர் துக்கம் விசாரிக்க வந்தார். வருஷா வருஷம் குளிர்காலத்தில் ஆம்பூருக்கு வந்து, நீங்கள் தரம் பிரித்து வைத்த தோலை வாங்கிப் போவாரே, அவர்தான். கம்பெனி கார் ஓட்டும் கரீம் பாய் கூட்டிவந்தார். காப்பி கொடுத்தேன். உங்கள் போட்டோவைப் பார்த்துக் கண் கலங்கினார். பிறகு என்னைப் பார்த்துச் சிரித்தபடி இங்கிலீஷில் கேட்டார்: "அந்தக் கடற்கரை ஓட்டல் ஞாபகம் இருக்கிறதா அம்மா?"

எனக்கு ஒன்றும் புரியவில்லை. அவரே சொன்னார். சில வருஷத்துக்கு முன்னால் ஒரு டிசம்பரில் மகாபலிபுரம் பக்கம் கடலோர ஓட்டலில் தனக்கும் மனைவிக்கும் ஒரு வாரம் ரூம் எடுத்திருந்தாராம். மூன்று வேளைச் சாப்பாடு, டீ, பலகாரம், இளநீர் எல்லாம் வாடகையிலேயே சேர்த்தி. திடீரென்று ஊருக்குத் திரும்பவேண்டி வந்ததால், "நீயும் உன் மனைவியும் போய் நிம்மதியாக இருந்துவிட்டு வாருங்கள்" என்று உங்களிடம் கொடுத்தாராம்.

"உங்கள் கணவர் எல்லாம் சொன்னார். முதல் நாள் அலையைக் கண்டு பயந்தீர்களாம். மறுநாள் தண்ணீரை விட்டுக் கரைக்கு வரமாட்டேன் என்று அடம் பிடித்தீர்களாம். உங்கள் செருப்பு ஒன்றை அலை கொண்டுபோய்விட்டதாம்."

நான் என்ன சொல்லியிருக்க வேண்டும்? உங்கள் போட்டோவுக்கு முன்னால், மாலை வாடுவதற்குள், உங்களைப் பொய்யன் ஆக்கியிருக்க வேண்டுமா?

"ஆமாம், இடது கால் செருப்பு" என்றேன்.

அவர் காரில் ஏறியதும் கரீம் பாயை வாசலிலேயே நிறுத்திவிட்டேன். பாய் என் முகத்தைப் பார்க்கவில்லை.

"யாரு பாய், அவரு கூடப் போனது?"

"யாரும் இல்ல டீச்சரம்மா. நான்தான் கொண்டுபோய் வுட்டேன், நான்தான் போய்க் கூட்டியாந்தேன். தனியாத்தான் இருந்தாரு. அல்லா மேல சத்தியம்."

"அங்க இன்னா பண்ணாராம்?"

"ஒண்ணும் பண்ணலன்னாரு. துன்னாரு, தூங்குனாரு, வெள்ளக்காரங்களாட்டம் மணல்ல வெயில்ல படுத்துக் கெடந்தாரு. உங்களாண்ட சொல்லக்கூடாதுன்னாரு. தோஸ்துக்குக் குடுத்த வாக்கு, இன்னா பண்றது? அதுலேர்ந்து உங்களப் பாத்தாலே எனக்குப் பேஜாராப் பூடும்."

வேறு ஒருத்தி இருந்தாள் என்று அவர் சொல்லியிருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும். அழுதிருப்பேன், திட்டியிருப்பேன், ஊரே எனக்குப் பரிந்து பேசியிருக்கும். தனியாகப் போனீர்கள் என்பதை நான் யாரிடம் போய்ச் சொல்வது?

அது எந்த வருஷம் என்று உங்களுக்கு நினைவிருக்கிறதா? உங்கள் அம்மா இடுப்பெலும்பு உடைந்து படுக்கையில் கிடந்த வருஷம். கிறிஸ்துமஸ் முடிந்த மறுநாள், "மெட்ராஸ் கோடவுன்ல சரக்கு தேங்கிக் கெடக்குது, போயே ஆவணும்" என்றீர்கள். எனக்குப் பள்ளிக்கூட லீவு. அந்த லீவு முழுக்க அத்தையைப் புரட்டிப் படுக்கவைத்து, துடைத்து, கஞ்சி ஊட்டினேன். "எம்மவன் பாவம், லீவு நாள்ல கூட ஒழைக்கிறான்" என்று அத்தை உருகினார். நானும் கூடவே உருகினேன்.

புது வருஷ ஆராதனைக்குத் திரும்பி வந்தீர்கள். முகம் கறுத்து, மூக்கு உரிந்திருந்தது. "வெயில்ல நின்னு தோலு எண்ணிக்கினே இருந்தேன் பியூலா" என்றீர்கள். தேங்காய் எண்ணெய் தடவிவிட்டேனே! அந்தக் கையை இப்போது என்ன செய்வது?

எல்லாவற்றையும் சரியாகத்தான் யோசித்திருந்தீர்கள். ஒன்றைத் தவிர. உங்கள் டேனரிச் சட்டைகளைப் பின்கட்டில் தனி வாளியில்தான் ஊறவைப்பேன்; என் புடவைகளோடு சேர்க்கவே மாட்டேன். அன்று பெட்டியைத் திறந்து சட்டைகளை எடுத்தேன். உப்பு வாசனை அடித்தது, ஏதோ உயர்ந்த சோப்பு வாசனை அடித்தது. பச்சைத் தோல் மலைபோலக் குவிந்த கோடவுனிலிருந்து வந்த சட்டையில் தோல் வாசனை இல்லை. டேனரிக்காரருக்குத் தன் வாசனை தனக்குத் தெரியாது. அது பெண்டாட்டிக்குத் தெரியும் என்பதும் உங்களுக்குத் தோன்றவில்லை.

"இன்னாங்க, சட்டையில வாசனையே இல்ல?" என்று கேட்டேன்.

"அங்க லாண்டரியில போட்டேன்" என்றீர்கள், தலையைத் தூக்காமலே. கேழ்வரகில் நெய் வடிகிறது என்றால் கேட்பவருக்கு மதி வேண்டாமா? எனக்கு அன்றைக்கு மதி இல்லை. அல்லது, இருந்ததைத் தட்டி உட்காரவைத்துவிட்டேன்.

ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே. "களைச்சுப்போய்ட்டேன் பியூலா, நாலு நாள் தனியா எங்கயாவது படுத்துக் கெடக்கணும்" என்றிருந்தால், உங்கள் பெட்டியை நானே அடுக்கிக் கொடுத்திருப்பேன். பஸ்ஸில் பக்கத்தில் உட்கார்ந்தவர்கள் முந்தானையால் மூக்கை மூடும்போது உங்கள் முகம் போகும் போக்கை நான் பார்த்ததில்லையா? உங்களுக்கு ஓய்வு வேண்டும் என்று எனக்குத் தெரியாதா?

என்னைவிட்டுப் போனதைக்கூட ஒருநாள் மன்னித்துவிடுவேன் என்று நினைக்கிறேன். அந்த இன்னொருத்தியை மன்னிக்க முடியவில்லை. அலைக்குப் பயந்தவள், செருப்பைத் தொலைத்தவள், கரைக்கு வரமாட்டேன் என்று அடம் பிடித்தவள். அவளுக்கு என் பெயரைக் கொடுத்தீர்கள். மெரினாவைப் பஸ் ஜன்னல் வழியாகப் பார்த்ததோடு சரி நான். வருஷா வருஷம் கேட்டேன், வருஷா வருஷம் "அடுத்த லீவுக்கு" என்றீர்கள். அவளைப் பற்றி ஜெர்மன்காரரிடம் சொல்லும்போது உங்கள் முகம் எப்படி இருந்தது? சந்தோஷமாக இருந்ததா?

அத்தையும் போய்ச் சேர்ந்துவிட்டார். இந்த லீவில் நான் புரட்டிப் படுக்கவைக்க வீட்டில் யாரும் இல்லை. அதே ஓட்டலில் ரூம் சொல்லிவிட்டேன், சாப்பாடெல்லாம் சேர்த்தி. கரீம் பாய், "நான் கொண்டுபோய் வுடறேன் டீச்சரம்மா, அதையாவது செய்யறேன்" என்று தலை குனிந்து நின்றார். சரி என்றேன்.

கிளம்புவதற்கு முந்தின நாள் அந்த நீலச் சட்டையை வாளியில் ஊறவைப்பேன். அழுவேன், அதையும் சொல்லிவிடுகிறேன்.

ஜெர்மன்காரரிடம் உங்களுக்காக நான் சொன்னதுதான் கடைசிப் பொய். இது சத்தியம். கடற்கரையில் யாராவது வந்து, "யாரோடு வந்திருக்கிறீர்கள்?" என்று கேட்டால், பக்கத்தில் உங்களை உட்காரவைத்துக் கதை கட்ட மாட்டேன். தனியாகத்தான் வந்தேன் என்பேன்.

உங்களோடு ஒருநாளும் கடலில் குளிக்காத மனைவி,
பியூலா