பச்சை விளக்கு

13.11.2008, வியாழன்

கம்ப்யூட்டர் இன்று நகரவே இல்லை. எதிர்வீட்டு ஜீனத் கம்ப்யூட்டர் படித்தவள் என்பதால் கூப்பிட்டுக் காட்டினேன். பின்னால் என்னென்ன ஓடுகிறது என்று திறந்து பார்த்தாள்.

"லாத்தா, துபாய்க்குப் பேசுற சாஃப்ட்வேரை நீங்க மூடினாலும் அது உள்ள ஓடிக்கிட்டேதான் இருக்கு. கம்ப்யூட்டர் ஆன்ல இருக்கிற வரைக்கும் அங்க மச்சானுக்கு நீங்க ஆன்லைன்ல இருக்கிறதா பச்சை விளக்கு தெரியும்."

போன லீவில் வந்தபோது என் வீட்டுக்காரர்தான் அதைப் போட்டுத் தந்தார். பகலில் கம்ப்யூட்டரை அணைக்கவே கூடாது என்று ஏன் சொன்னார் என்பது இப்போதுதான் புரிந்தது. ஜீனத் அதை நிறுத்தினாள். கொஞ்ச நேரத்தில் போன் அடித்தது.

"எங்கே போயிட்டே? வீட்டுக்கு யாரு வந்திருக்கா?"

"ஜீனத்துதான் மச்சான். இது பழசாம். புதுசு போட்டா வேணுங்கறப்ப மட்டும் திறந்துக்கலாமாம்."

"பழசே இருக்கட்டும். எதையும் தொடாதே."

ஜீனத் என் முகத்தைப் பார்க்காமல் எழுந்து போனாள். நான் மறுபடி அதை ஓடவிட்டேன். அக்கறைதான் என்று நினைத்துக்கொள்ளப் பார்க்கிறேன், முடியவில்லை.

மின்வெட்டை ஊரே திட்டுகிறது. அப்போது பச்சை விளக்கு அணைந்தால் மட்டும் அவர் எதுவும் கேட்பதில்லை. நாளை மதியம் கரண்ட் போனதும் வீட்டைப் பூட்டிவிட்டு அரசலாற்றுப் பாலம்வரை நடந்துவிட்டு வரப்போகிறேன்.